மின்கலம் பேணுதல்

1990களில் யாழ்ப்பாணத்துக்கு மின்கலங்கள் செல்லத் தடையிருந்தது. சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட அக்காலத்தை நம்மிற் பலர் மறந்திலர். அத்தகைய நம்மிடத்தும் வீட்டு மின்கலத்தைப் பேணும் வழக்கம் அரிதாகவே உள்ளது.

2022 மார்ச்சு இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. வெள்ளவத்தையில் என் அன்னையார் உறங்குகையில் அவர்தம் சுவாசத்துக்குத் துணைசெய்யும் சிறு இயந்திரம் ஓர் ஈய அமில மின்கலத்தையே நம்பியிருந்தது. அம்மின்கலம் எம்மைக் கைவிடவில்லை. அதனைப் பேணும் முறையை முன்னரே கற்பித்தவர், கொட்டாஞ்சேனையில் மின்கலத் தொழில் புரியும் என் வகுப்புத் தோழர்.

12 வோல்ற்று மின்கலம் நிறைய மின்னேற்றி ஓய்ந்திருக்கையில் ஏறக்குறைய 12.7 வோல்ற்றைக் காட்டும், 12.2 ஆயின் பாதி தீர்ந்ததென்க. அதன்கீழ் இறங்க விடலாகாது. தீர்ந்தவாறே கிடப்பின் தகடுகளில் ஈயசல்பேற்றுப் பளிங்குகள் இறுகும். பின்னர் முழுவலிமை மீளாது. ஆகவே பயன்படுத்தாத மாதங்களிலும் மின்னேற்றல் வேண்டும். தகடுகள் வெளிப்படாவண்ணம் வடித்த நீரையே வார்த்தல் வேண்டும், குழாய்நீர் ஆகாது. மின்னேற்றுகையில் ஐதரசன் வாயு வெளிப்படுமாதலின் காற்றோட்டம் இன்றியமையாதது, தீ அணுகலாகாது. கடற்காற்றில் முனைகள் விரைவில் அரிக்கப்படும். அவற்றைத் துடைத்து வசிலின் பூசுதல் நன்று.

மின்சாரம் தடையின்றிக் கிடைக்கும் காலமே மின்கலத்தைப் பேணுதற்குரிய காலம். இருள் சூழ்ந்தபின் செய்யத்தக்கது சிறிதே. நம் மூத்தோர் பலர் இத்தகைய கருவிகளின் துணையோடு வாழ்கின்றனர். ஆதலின் அன்பர்கள் இம்மலரை மூடிவைத்ததும் தத்தம் வீட்டு மின்கலத்தை ஒருமுறை நோக்குவாராக.