முதலில் இரண்டு எண்கள்

“எந்த பிராண்ட் மடிக்கணினி நல்லது?” வானொலியில் நேயர்கள் அடிக்கடி கேட்பது இது. பல்கலைக்கழகம் போகும் மகளுக்காக அக்காவும் அதையே கேட்டார். அவர் மாதாமாதம் சேர்த்து வைத்திருந்தது 1,500 வெள்ளி.

லோ யாட் பிளாசாவில் இன்னும் மலிவாக ஒன்று இருந்தது: 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பகம். விண்டோஸ் 11 இயங்கவே குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும். பாடங்களுக்கு இடம் எங்கே? இத்தகைய மலிவுக் கணினிகள் பலவற்றில் இரண்டும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்ட முடியாது.

8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ளதை வாங்கினோம். தொடுதிரை இல்லை, பளபளப்பும் இல்லை. கட்டுரை எழுதவும் இணைய வகுப்புக்கும் அது போதும். கடன் இல்லாமல் வாங்கியது, அவள் பட்டம் வாங்கும்வரை உழைக்க வேண்டும்.

கடைக்குப் போகிறீர்களா? நிறம் பிறகு, முதலில் அந்த இரண்டு எண்களைக் கேளுங்கள்.