மச்சான் கையில் கயிறு!

தூத்துக்குடி போக லீவு கேட்டபோது மேனேஜர், "அங்கே என்னய்யா வேலை?" என்றார். "மக்ரூன் சார்" என்றேன். லீவு கிடைத்தது. கூடவே அரை கிலோவுக்கு ஆர்டரும்!

பனிமய மாதா கோயில் திருவிழா ஆகஸ்ட் 5-ம் தேதி முடியும். எனக்கு லீவு கிடைத்ததோ 6-ம் தேதிக்கு. முத்துநகர் எக்ஸ்பிரஸில் போய் இறங்கியபோது திருவிழாக் கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். போகட்டும், நைட் கிளப் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். அவசரப்படாதீர்கள். இந்த ஊரில் நைட் கிளப் என்றால் பரோட்டா கடை. சபலத்தோடு வருகிற பேச்சலர்கள் பொரித்த பரோட்டாவைத் தின்று மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

புதுத் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஆட்டோக்காரர் ஒரு ஆலையைக் கைகாட்டினார். "கனநீர் ஆலை சார்."

"தண்ணியில என்னங்க கனம்?"

"குடிச்சுப் பாத்ததில்ல சார்!"

விஷயம் இதுதான். சாதா ஹைட்ரஜனுக்குப் பதிலாக டியூட்ரியம் இருக்கிற தண்ணீர் அது. எடை பத்து சதவீதம் கூடுதல். இயற்கை யுரேனியத்தில் ஓடுகிற அணு உலைகளுக்கு அது தேவை. இந்த ஆலை ஓட ஆரம்பித்தது 1978-ல். அதற்கு நாலு வருஷம் முன்னால், 1974 மே 18-ம் தேதி, பொக்ரானில் வெடித்தோமே, அந்தப் புளுட்டோனியத்தைக் கொடுத்த டிராம்பே உலையில் இருந்ததும் கனநீர்தான். அதை அமெரிக்கா நமக்குக் கொடுத்தது, 'அமைதிக் காரியங்களுக்கு மட்டும்' என்று சொல்லி! தூத்துக்குடிக்கு அந்தப் பாவத்தில் பங்கில்லை.

பொக்ரான் என்றாலே எனக்கு லட்டு ஞாபகம் வந்துவிடும். 1998 மே 11-ல் மறுபடி வெடித்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம். தலைக்கு அஞ்சு ரூபாய் வசூல் பண்ணி, லட்டு வாங்கி, பியூன் முதல் ஆபீசர் வரை கொடுத்தவன் நான்தான். பதினேழாவது நாள் பாகிஸ்தான் வெடித்தது. அங்கேயும் எவனோ ஒரு ஜூனியர் கிளார்க் ஸ்வீட் கடைக்கு ஓடியிருப்பான், பாவம்.

சாயங்காலம் பழைய துறைமுகம் பக்கம் கடற்கரையில் ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். சங்கு குளித்தவராம். 1961-ல் கடைசியாக நடந்த முத்துச் சலாபத்தில், மீசை முளைக்காத வயசில், கடலில் இறங்கியிருக்கிறார்.

"கல்லைக் காலுக்குக் குடுத்து இறங்குவோம் தம்பி. மேல தோணியில மச்சான் கயிறப் பிடிச்சிருப்பான். பொண்டாட்டிக்குக் கூடப் பொறந்தவன்தான் பிடிக்கணும். அக்கா தாலி அறுந்துரக் கூடாதுன்னு பயந்து இழுப்பாம்லா!"

இன்றைக்கு ஹிரோஷிமா நாள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். குண்டு போட்ட கதை அவருக்குத் தெரியும். மீன்பிடி படகுக் கதை தெரியவில்லை. சொன்னேன்.

1954 மார்ச் 1. பசிபிக் கடலில் பிகினி தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. ஹிரோஷிமா குண்டைப்போல் ஆயிரம் மடங்கு. ஜப்பான்காரர்கள் 23 பேர் ஒரு படகில் சூரை பிடித்துக்கொண்டிருந்தார்கள், அமெரிக்கா அறிவித்த அபாய எல்லைக்கு வெளியேதான். கொஞ்ச நேரத்தில் வானத்திலிருந்து வெள்ளையாகச் சாம்பல் கொட்டியது, பனி மாதிரி.

"பனியா?" என்று கோயில் இருந்த திசையைப் பார்த்தார் பெரியவர்.

கரை சேருவதற்குள் அத்தனை பேருக்கும் உடம்பு கெட்டுவிட்டது. ரேடியோ ஆபரேட்டர் குபோயாமா செப்டம்பரில் இறந்துபோனார். அவர்கள் பிடித்த மீனிலும் கதிர்வீச்சு. ஜப்பானில் மீன் வாங்க ஆளில்லை. டோக்கியோவில் சுகினாமி என்ற பகுதியில் மீன் வியாபாரிகளும் இல்லத்தரசிகளும், 'குண்டு வேண்டாம்' என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். அடுத்த வருஷம் ஆகஸ்டுக்குள் நாடு முழுக்கச் சேர்ந்தது மூணு கோடிக்கு மேல்!

நம்மவர்களும் சும்மா இல்லை. சோதனைகளை நிறுத்துங்கள் என்று 1954 ஏப்ரலிலேயே நேரு கேட்டார். 1962-ல் ராஜாஜி தன் 83-வது வயதில் முதல்முறையாக வெளிநாடு போய், கென்னடியிடம் அதையே நேரில் கேட்டார். 1963-ல் ஆகாயத்திலும் கடலுக்கடியிலும் சோதனையைத் தடுக்கும் ஒப்பந்தம் வந்தது.

"நானும் போயிருக்கேன் தம்பி" என்றார் பெரியவர். 1989 மே 1, கன்னியாகுமரி. மீனவர்கள் நாடு முழுக்க நடத்திய யாத்திரை முடிந்த இடம். 'கடலைக் காப்போம்' என்றும் கூடங்குளம் வேண்டாம் என்றும் கோஷம் போட்டார்கள். போலீஸ் சுட்டது. "செருப்ப விட்டுட்டு ஓடியாந்தேன்."

கூடங்குளம் மின்சாரம், குண்டு வேறு என்று நான் ஆரம்பித்தேன். அந்த உலைகள் சர்வதேசக் கண்காணிப்பில் இருப்பதையும் சொன்னேன். ஃபேன் இல்லாமல் தூங்கத் தெரியாதவன் நான், வேறென்ன சொல்வேன்?

"சரி, குண்டையே பேசுவோம். ஒலகத்துல எத்தன கெடக்கு?"

"பன்னிரண்டாயிரத்துக்கு மேல."

"நம்மகிட்ட?"

"நூத்தி எண்பதுன்னு கணக்குச் சொல்றாங்க. நாம முதல்ல போட மாட்டோம்னு சொல்லியிருக்கோம்."

"நல்லது. கயிறு யாரு கையில?"

பதில் தெரியாமல் லட்டு விஷயத்தை ஒப்புக்கொண்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"வசூல் யாரு பண்ணா?"

"நான்தான்."

"வசூல் பண்ணத் தெரியுதுல்லா? அந்த ஜப்பான் பொம்பளைய மாதிரிக் கையெழுத்து வசூலிக்கதுக்கு என்ன வே?" 'தம்பி' போய் 'வே' வந்துவிட்டது.

ரயிலில் தூக்கம் வரவில்லை. டிக்கெட்டின் பின்பக்கத்தில் எங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன். 2017-ல் ஐ.நா.வில் 122 நாடுகள் ஓட்டுப் போட்டு, 2021 ஜனவரி 22-ல் அமலுக்கு வந்த அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தைப் பற்றி நாடாளுமன்றத்தில் ஒரு தடவையாவது பேசுங்கள், பேச்சுவார்த்தைக்கே போகாமல் இருந்த நாம் ஏன் போகவில்லை என்று கேளுங்கள். அவ்வளவுதான். மூணு தடவை அடித்து எழுதியதில் டிக்கெட் எக்ஸாமினர் பி.என்.ஆர். நம்பரைத் தேட வேண்டியதாயிற்று.

மேனேஜர் மக்ரூனை வாங்கிக்கொண்டார். தாளையும் வாங்கிப் படித்தார். "98-ல லட்டு கொடுத்தவன்தானேய்யா நீ?" என்றார்.

"ஆமாம் சார்."

"நானும் ரெண்டு தின்னேன்" என்று சொல்லிவிட்டு, பேனாவைத் தேடினார். பியூனையும் சேர்த்து இதுவரை பதினோரு கையெழுத்து. அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்கிறது. 98-லும் அவர்களிடம்தான் அஞ்சு ரூபாய் கடைசியில் வந்தது.