ஸ்பானிஷ் டான்ஸர்: சில குறிப்புகள்

செங்கடலில் கிடைத்ததை வைத்து ரூப்பெல், லாய்க்கார்ட் என்ற இரு ஜெர்மானியர் 1830 வாக்கில் விவரித்த உயிர். ஹெக்ஸாபிராங்கஸ் சாங்குனியஸ் என்பது ஏட்டுப் பெயர். முக்குளிப்பவர்களுக்கு ‘ஸ்பானிஷ் டான்ஸர்’. ஓடில்லாத கடல் நத்தை. இதன் உறவுகளில் பல விரல் நீளம்கூட இல்லை. இது 60 செ.மீ. வரை வளர்ந்ததாகப் பதிவு உண்டு.

பகலில் பவளத்திட்டின் இடுக்கில் முடங்கிக் கிடக்கும், இரவில் மேயும். ஊரும்போது மேல்தோலின் விளிம்பைச் சுருட்டியே வைத்திருக்கும். சீண்டினால்தான் விரிக்கிறது. சிவப்பும் வெள்ளையும் பளீரென்று தெரிய, உடம்பை மேலும் கீழும் வளைத்து நீந்திப் போய்விடும். ஆட்டம் என்கிறோம். ஓட்டம் என்பதே சரி.

முதுகில் ஆறு செவுள்கள், தனித்தனியாக வேர்விட்டவை. நெருங்கிய உறவுகள் பலவும் செவுள்கொத்தை ஒரே பைக்குள் இழுத்துக்கொள்ளும்; இதற்கு அந்த வசதி இல்லை.

எனக்கு நிறத்தைவிட விஷம்தான் சுவாரசியம். தின்பது கடற்பஞ்சு. அதிலுள்ள நச்சுப் பொருள்களைத் தானும் வாங்கி, சற்றே மாற்றி, முதுகுத் தோலில் சேர்த்துவைக்கிறது, மீன்கள் வாய்வைப்பதில்லை. முட்டையில் அதைவிடச் செறிவாகச் சேர்கிறது. சிவப்பு நாடாவாகச் சுருள்சுருளாக இடும் முட்டைத்திரள், பாறையில் பூத்த ரோஜாவேதான். காவலுக்கு ஆள் கிடையாது, விஷமே காவல். இந்த வகைச் சேர்மம் ஒன்றை ஜப்பானின் இஷிகாகித் தீவில், கபிரா விரிகுடாவில் எடுத்த நத்தை முட்டைகளிலிருந்து பிரித்து, 1986-இல் கபிராமைடு என்று பெயர் வைத்தார்கள். பூஞ்சையைக் கொல்லும், செல்லுக்குச் சட்டம்போல் நிற்கும் ஆக்டின் புரதத்தையே பிடித்துக்கொள்ளும்.

இத்தனை காவலையும் மீறி அந்த முட்டையையே தின்று பிழைக்கிறது ஃபேவோரினஸ் என்ற இன்னொரு குட்டிக் கடல் நத்தை. எப்படிச் செரிக்கிறதோ!

ஸ்பானிஷ் டான்ஸர் இருபாலுயிரி, ஆனாலும் சேர்வதற்கு இணை வேண்டும்.

முதுகில் பயணிகளும் உண்டு. எம்பரர் இறால் என்ற சிறு இறால், நத்தையின் நிறத்திலேயே, செவுள்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும். வண்டியும் இலவசம், பாதுகாப்பும் இலவசம்.

முக்குளிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: படத்துக்காக அதைத் தூக்கி நீரில் விட்டு ‘ஆட’ வைக்காதீர்கள். ஊர்ந்தபடியே படமெடுங்கள்.