பத்து வருஷ பெயிண்ட்டும் ரெண்டு வருஷச் சுவரும்

போன வாரம் பெரியப்பா மகன் அண்ணன் கனடாவிலிருந்து கூப்பிட்டார். டொராண்டோ பக்கத்தில் பழைய மர வீடு ஒன்று வாங்கியிருக்கிறார். "தம்பி, நீதான் பெயிண்ட்ல பெரிய ஆளாச்சே, இங்க அடிக்கிற பனிக்கு வெளிச்சுவர் பெயிண்ட் எத்தனை வருஷம் தாங்கும்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் ஏன் சிரித்தார் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அதற்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

எங்கள் ஊர் அறந்தாங்கிப் பக்கம். வருஷா வருஷம் பொங்கலுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதுதான் வழக்கம். ஆள் கூலி, சுண்ணாம்பு, நீலம் எல்லாம் சேர்த்து ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். அக்காவுக்குத் தை மாசம் கல்யாணம் நிச்சயமானபோது நான் பி.காம் முதல் வருஷம். தேய்மானம் பாடம் அப்போதுதான் நடத்தியிருந்தார்கள். சும்மா இருப்பேனா? நோட்டை எடுத்துக்கொண்டு அப்பா முன்னால் உட்கார்ந்தேன்.

"அப்பா, பத்து வருஷம் தாங்குற பெயிண்ட் இருக்கு. செலவு 42,000. நேர்கோட்டு முறையில வகுத்தா வருஷத்துக்கு 4,200 தான். சுண்ணாம்புக்கு வருஷம் 5,000. வருஷத்துக்கு 800 ரூபாய் லாபம்!"

அப்பா என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எட்டாவதோடு நின்றவர். மகன் கணக்குப் போட்டுச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார். அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி நகைக்கடனுக்குப் போனது.

பெயிண்டர் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். கை முழுக்க வெள்ளைப் பொடி. "தம்பி, இது இருபது வருஷச் சுண்ணாம்பு. பூராவும் சுரண்டணும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்ல விரிசல் இருக்கு, அதையும் அடைக்கணும். ஐப்பசி கார்த்திகை மழை குடிச்ச சுவரு, நல்லா காயணும். வெயில் காலத்துல அடிச்சா நல்லது" என்றார். சுரண்டவும் விரிசல் பார்க்கவும் தனியாக 9,000 கேட்டார். கல்யாணமோ தை மாசம். நான் அந்த 9,000-ஐப் பட்ஜெட்டிலிருந்து அடித்தேன். "மேலால தேச்சுட்டு அடிங்கண்ணே" என்று சொன்னது சாட்சாத் நான்தான்.

கல்யாணத்தன்று வீடு மின்னியது. சம்பந்தி வீட்டார் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் வடக்குச் சுவரில் கொப்புளம். அதற்கடுத்த மழையில் அப்பளம் அப்பளமாக உரிந்து விழுந்தது. உரிந்த தோலின் பின்பக்கம் பார்த்தால் பழைய சுண்ணாம்பு அப்படியே ஒட்டியிருந்தது. 42,000-ஐ இரண்டால் வகுத்தால் வருஷத்துக்கு 21,000. என் கணக்கில் தப்பில்லை. பத்து என்று போட்ட இடம்தான் தப்பு.

அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்பத்தாதான், "காலேசு படிச்ச புள்ள கணக்கு" என்று சுவரைக் காட்டிப் போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வெறும் கழுத்தோடு அம்மா கோலம் போடும்போது பின்னால் அந்தச் சுவர் தெரியும். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

அப்புறம்தான் ஏன் உரிந்தது என்று தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன். விஷயம் இதுதான். எமல்ஷன் பெயிண்ட் காய்ந்ததும் சுவர் மேல் ஒரு மெல்லிய தோல் மாதிரி ஆகிவிடும். அடியில் பொடிச் சுண்ணாம்பு இருந்தால் தோல் பொடியைப் பிடிக்குமே தவிரச் சுவரைப் பிடிக்காது. விரிசல் வழியாக இறங்கிய தண்ணீர் வெளியேற வழி தேடிப் பின்னாலிருந்து தள்ளும். கூடவே சுவரிலுள்ள உப்பும் பூக்கும். வடகிழக்குப் பருவமழை சாரல் அடிப்பது வடக்கிலும் கிழக்கிலும் என்பதால் எங்கள் வடக்குச் சுவர் முதலில் போனது. வெயில் செய்யும் வேலை வேறு. அது பெயிண்டைப் பிடித்து வைத்திருக்கும் பசையை மெல்ல மெல்லத் தின்று, நிறத்தை வெளுக்கவைத்துப் பொடியாக்கும். அதற்கு வருஷங்கள் ஆகும். தண்ணீருக்கு ஒரு மழை போதும்.

இப்போது அண்ணன் கேள்விக்கு வருவோம். பனி விழும் ஊரில் மரச்சுவருக்கு அடித்த பெயிண்ட் பொதுவாக ஐந்திலிருந்து ஏழு வருஷம் என்கிறார்கள். சிமெண்ட் பூச்சுச் சுவர் என்றால் இன்னும் கொஞ்சம் கூட. அங்கேயும் வில்லன் தண்ணீர்தான், ஆனால் அவனுக்கு இன்னொரு ஆயுதம் உண்டு. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். பகலில் உருகிய பனி மரத்தின் இடுக்கில் இறங்கும், ராத்திரி உறைந்து இடுக்கை அகலமாக்கும், மறுநாள் அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஒரு குளிர்காலத்தில் இது எத்தனையோ தடவை நடக்கும். போதாததற்குக் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் சூடு போட்டிருப்பார்கள். சமையல், குளியல் ஈரமெல்லாம் சுவர் வழியே வெளியே போகப் பார்க்கும்போது பெயிண்டை உள்ளேயிருந்தே தள்ளும்.

சுவீடன் நாட்டுக்காரர்கள் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே கிராமத்து மர வீடுகள் பல ஒரே மாதிரி சிவப்பாக இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஃபாலுன் என்ற ஊரின் செம்புச் சுரங்க மண்ணிலிருந்து எடுத்த சிவப்புப் பொடியை மாவுக் கஞ்சியில் காய்ச்சி அடிப்பது. 1992-இல் சுரங்கம் மூடியும் பெயிண்ட் நிற்கவில்லை. அது தோலாகப் படியாது, மரத்தை மூச்சுவிட விடும். அதனால் கொப்புளம் வராது, மெல்லத் தேய்ந்துதான் போகும். லாசாவின் போத்தலா அரண்மனைக்கோ ஒவ்வொரு வருஷமும் இலையுதிர் காலத்தில் சுண்ணாம்பில் பால், தேன், சர்க்கரை கலந்து வெள்ளையடிக்கிறார்கள். படித்ததும் சிரிப்பு வந்தது. நான் லாபம் பார்த்து நிறுத்திய பொங்கல் வேலையை அங்கே ஓர் அரண்மனைக்கே செய்கிறார்கள்!

அவ்வளவு தூரம் போவானேன்? புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். பாறைமேல் சுண்ணாம்புச் சாந்து பூசி வரைந்தவை. வகுப்போடு போனபோது எல்லோரும் செல்ஃபி எடுக்க, நான் மட்டும் சாந்து எங்கே உதிர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விதானத்தில் தாமரைக் குளமும் யானையும் மீனும் இன்னும் தெரிகின்றன. கீழே, கை எட்டுகிற இடங்களில் பெரும்பாலும் போய்விட்டன. மழை நேராகப் படாத, மனுஷன் கை எட்டாத இடத்தில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் நின்றிருக்கிறது. எந்த டப்பாவிலும் அப்படி ஒரு உத்தரவாதம் எழுதியிருந்ததில்லை :)

டப்பாவில் எழுதியிருப்பது பெயிண்டின் ஆயுள். சுவர் என்ன ஆயுள் கொடுக்கும் என்பதைச் சுவரைத் தடவிப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். எங்கள் வீட்டில் தடவிப் பார்த்தவர் பெயிண்டர். முடிவெடுத்தவன் நான்.

இந்தப் பங்குனியில் நானும் அப்பாவும் சேர்ந்து நான்கு சுவரையும் சுரண்டினோம். பதினெட்டு நாள். தலைமுடி, மூக்கு, சோறு எல்லாம் சுண்ணாம்பு. கைப்பிடிச் சுவர் விரிசலை அதே பெயிண்டரைக் கூப்பிட்டு அடைத்தோம். சித்திரை வெயிலில் காயவிட்டு, பிறகுதான் பிரைமர். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசை நகைக்கடன் வட்டிக்குக் கட்டிக்கொண்டிருக்கிறேன். சங்கிலி இன்னும் வரவில்லை.

அண்ணனுக்கு இப்படிச் சொன்னேன்: "ஏழு வருஷம்னு வச்சுக்கங்க, ஆனா அதை எழுதி வகுத்துப் பாக்காதீங்க. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவத்துல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்க. மறுநாள் உள்பக்கம் வேர்த்திருந்தா பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீங்க. முதல்ல தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. சுரண்டுற கூலியில மட்டும் கையை வைக்காதீங்க."

"சரிங்க மேஸ்திரி" என்றார்.