மலைக்கென்று வைத்த மிச்சம்

டர்போ பொருத்திய நான்கு சிலிண்டர் எஞ்சினிலிருந்து, தொழிற்சாலை கொடுத்ததைவிட எவ்வளவு அதிகமான சக்தியை எடுக்கலாம் என்று கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர், அதற்கு விடையாக ஓர் எண்ணையே எதிர்பார்க்கிறார்கள். எங்கள் பட்டறை வத்தலக்குண்டில் இருப்பதால், தாண்டிக்குடி, பெரும்பாறை, பண்ணைக்காடு ஆகிய ஊர்களின் காப்பித் தோட்டக்காரர்களே எங்களிடம் மிகுதியாக வருகிறார்கள். “சித்தரேவு தாண்டி ஏத்தத்துல புல்லிங்கே இல்லண்ணே, ரீமேப் போட்டா சரியாயிரும்ங்கறாங்களே?” என்று கேட்கும் தம்பிக்கு, ‘இருபது சதவீதம்’ என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம், ஆனால் அந்த இருபது எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதைச் சொல்லாமல் விடுவது தொழில் தர்மமாகாது.

ரீமேப் என்பது, எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரில் பதிந்துள்ள கட்டளைகளைத் திருத்துவதே. டர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் தள்ள வேண்டும், அதற்கு எவ்வளவு எரிபொருள் சேர வேண்டும், எந்தக் கணத்தில் பற்ற வேண்டும் என்ற மூன்றையும் மாற்றினால் சக்தி கூடுகிறது. மடிக்கணினியை இணைத்துச் சிறிது நேரத்தில் முடித்துவிடக்கூடிய காரியம் இது. இந்தச் சுலபமே மனிதரை மயக்குகிறது. மாறியவை கட்டளைகள் மட்டுமே. பிஸ்டனும், கனெக்டிங் ராடும், ஹெட் காஸ்கெட்டும், கிளட்சும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியேதான் இருக்கின்றன.

இவ்விஷயத்தில் தொழிற்சாலைக்காரர்களே நமக்கு நல்ல பாடம் வைத்திருக்கிறார்கள். நம் சாலைகளில் பல்லாண்டுகள் ஓடிய 1,248 சிசி ஃபியட் மல்டிஜெட் டீசல் எஞ்சின், மாருதி ஸ்விஃப்ட்டில் 75 குதிரைசக்தியும் 190 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் கொடுத்தது. அதே எஞ்சின் 2012இல் வந்த எர்டிகாவில் 90 குதிரைசக்தியும் 200 நியூட்டன் மீட்டரும் கொடுத்தது. இந்தப் பதினைந்து குதிரைசக்தியைக் கூட்டுவதற்காக, அந்த எஞ்சினைத் தாமே நன்கறிந்த பொறியியலாளர்கள் கட்டளையை மட்டும் திருத்திவிட்டு நின்றுவிடவில்லை. இறக்கைகளின் கோணம் மாறக்கூடிய வேறு டர்போவையே பொருத்தினார்கள். இழுவிசையையோ, அவ்வளவுக்குப் பிறகும், பத்தே நியூட்டன் மீட்டர்தான் உயர்த்தினார்கள். ராடையும் கிளட்சையும் கியர்பாக்ஸையும் முறுக்கி வருத்துவது இழுவிசையே என்பதை நினைத்துப் பார்த்தால், அவர்களுடைய நிதானத்தின் காரணம் விளங்கும்.

மலையின் பரீட்சை இதற்குமேல்தான் தொடங்குகிறது. டர்போ இல்லாத எஞ்சின், ஆயிரம் மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். டர்போவோ, காற்று மெலிந்த இடத்தில் தான் இன்னும் வேகமாகச் சுழன்று அந்த நஷ்டத்தை ஈடுசெய்கிறது. சமவெளியில் சுற்றுக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார்; டர்போ அதை 2 பாராக ஆக்குகிறதென்றால், இருமடங்காக நெருக்குகிறது என்று பொருள். 2,133 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் சுற்றுக்காற்றின் அழுத்தம் சுமார் 0.78 பார்தான், அங்கும் அதே 2 பார் வேண்டுமானால், இரண்டரை மடங்குக்கும் சற்று அதிகமாக நெருக்கியாக வேண்டும். நெருக்கப்படும் காற்று சூடேறும். டர்போவில் காற்றை நெருக்கும் கம்ப்ரஸரின் திறனை எழுபது சதவீதமாக வைத்துக் கணக்குப் போட்டால், வத்தலக்குண்டின் 35 டிகிரி வெயிலில் உள்ளே போகும் காற்று 130 டிகிரியை ஒட்டி வெளிவருகிறது. கொடைக்கானலின் 15 டிகிரிக் குளிரில் உள்ளே போகும் காற்றோ 140 டிகிரியைத் தொடுகிறது! மேலே குளிராயிற்றே, எஞ்சினுக்குச் சுகமாயிற்றே என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

தொழிற்சாலை விட்டுவைத்த மிச்சம் இதற்காகத்தான். மெலிந்த காற்று, அடைபட்ட ஃபில்டர், தரம் குறைந்த எரிபொருள், ஏலக்காய் மூட்டைகளோடு ஏறும் குடும்பம் ஆகிய எல்லாவற்றையும் எதிர்பார்த்து, டர்போவின் சுழற்சியிலும் உலோகத்தின் வலுவிலும் ஒதுக்கி வைத்ததையே நாம் ‘சும்மா கிடக்கும் சக்தி’ என்று பெயரிட்டு எடுத்துச் செலவு செய்கிறோம். விதைநெல்லைக் குத்தி விருந்து வைப்பதற்கும் இதற்கும் பேதம் அதிகமில்லை.

பெட்ரோல் எஞ்சினில் இதன் விளைவு விரைவாகவே தெரிந்துவிடும். சூடான கலவை, தீயின் அலை தன்னை எட்டுமுன் சிலிண்டரின் ஓரத்தில் தானே வெடிக்கிறது. இதைத்தான் நாக்கிங் என்கிறோம். அதைக் கேட்டறியும் சென்ஸார் உடனே பற்றவைப்பைத் தாமதப்படுத்துவதால், ஆக்டேன் குறைந்த பெட்ரோலோடு ஏற்றத்தில் போகிறவர், காசு கொடுத்து வாங்கிய சக்தியைக் கம்ப்யூட்டரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அந்தக் காவலையும் தளர்த்தி ஓட்டிய எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவேயுள்ள மெல்லிய வரம்பு விரல்நக அகலத்துக்குப் பெயர்ந்து, அந்தத் துண்டு சிலிண்டர் சுவரில் நெடுகக் கீறியிருக்கும். ஸ்பார்க் பிளக்கின் வெண்பீங்கானைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், உருகித் தெறித்த அலுமினியம் ஊசிமுனைப் பொட்டுகளாக ஒட்டியிருக்கும். டீசலுக்கு இவ்வகை நாக்கிங் பயம் இல்லையெனினும் கரும்புகையும் புகைப்போக்கியின் உஷ்ணமும் உண்டு. தொடர்ந்த ஏற்றத்தில் அந்த உஷ்ணம் இறங்குவதற்கு அவகாசமே கிடைப்பதில்லை.

அளவுக்கு மீறிய சக்தி எடுக்கவே முடியாதா என்றால், தாராளமாக முடியும். 1983இல் நெல்சன் பிக்கே ஃபார்முலா ஒன் பட்டம் வென்ற பிராபம் காரில் இருந்தது, சாதாரணக் கார்களுக்கென்று வார்க்கப்பட்ட இரும்பு பிளாக்கிலிருந்து பிறந்த 1.5 லிட்டர் பிஎம்டபிள்யூ நான்கு சிலிண்டர் டர்போவே. சில ஆண்டுகளில் தகுதிச் சுற்றுக்கென்று அதிலிருந்து ஆயிரம் குதிரைசக்திக்கு மேல் எடுத்தார்கள். ஆனால் அந்தச் சுற்றுகளுக்கான எஞ்சினின் ஆயுள் சில சுற்றுகளே. கோவைச் செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுகிறவருக்கும் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது பந்தயச் செலவிலேயே ஒரு பகுதி. தாண்டிக்குடித் தோட்டக்காரருக்கோ, நாளைக் காலையும் அதே வண்டி கிளம்பியாக வேண்டும்.

ஆகவே வருகிறவரிடம் முதலில் நான் விசாரிப்பது அவருடைய ஓட்டும் பழக்கத்தை. கொண்டை ஊசி வளைவில் மூன்றாவது கியரிலேயே திரும்பினால் எஞ்சினின் சுழற்சி நிமிஷத்துக்கு 1,500க்குக் கீழே விழுகிறது. அந்த நிலையில் டர்போவைச் சுழற்றப் போதிய புகையே இல்லாதபோது, எந்த ரீமேப்பும் டர்போவின் அழுத்தத்தை உண்டாக்க முடியாது. இரண்டாவது கியருக்கு இறங்குவதே அதற்குப் பரிகாரம், அது இலவசம். பிறகு ஏர் ஃபில்டரையும், நெருக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் கசிவு உண்டா என்பதையும், கிளட்ச் தேய்மானத்தையும் பார்க்கிறேன். ‘புல்லிங் இல்லை’ என்ற புகார்களில் கணிசமானவை இங்கேயே தீர்ந்துவிடுகின்றன. ஏறி முடித்தவுடன் டீக்கடை வாசலில் எஞ்சினைச் சட்டென்று அணைத்துவிடாமல், டர்போவின் எண்ணெய் கருகாதபடி ஓரிரு நிமிஷம் ஐட்லிங்கில் விடச் சொல்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு போதவில்லை என்பவருக்கு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும், வாரண்டி போய்விடும் என்பதையும் எடுத்துச் சொல்லி, பெரிய எஞ்சின் உள்ள காராகப் பார்த்து வாங்கும்படி சொல்கிறேன். அந்த வியாபாரத்தில் பட்டறைக்கு ஒரு காசும் லாபமில்லை. ஆனால் அவர் ஏற்றத்தில் நின்றுபோய் நள்ளிரவில் என்னை அழைக்க நேராது.