செஞ்சிக் களஞ்சியத்தில் எடுத்த எக்கோ

செஞ்சி காந்தி பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் மாமா மைக்செட் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீட்டில் போட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். ஆம்ப்ளிஃபயர்கள், குழாய் ஸ்பீக்கர்கள், சுருள் சுருளாக ஒயர், கூத்து மேடையில் கயிறு கட்டித் தொங்கவிடும் மைக்குகள் எல்லாம் அந்தச் சின்ன அறைக்குள் அடைந்து கிடக்கும். பற்றவைக்கும்போது எழும் ஈய வாடை எனக்கு அவ்வளவு பிடிக்கும். பங்குனி பிறந்துவிட்டால் மாமா கடையில் தங்கமாட்டார். பாரதக் கூத்து, காதுகுத்து, கல்யாணம் என்று சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் செட்டைக் கொண்டுபோய்க் கட்டுவார். வேலையில்லாத நாட்களில் டேப் ரிக்கார்டரைப் பிரித்துப் போட்டு எனக்குப் பாடம் நடத்துவார். தொண்ணூறுகளின் நடுவில், எனக்குப் பத்துப் பதினோரு வயது இருக்கும்போது, பாட்டைப் பதிவது, வெட்டுவது, ஒட்டுவது, எக்கோ சேர்ப்பது எல்லாம் அந்தக் கடையில்தான் படித்தேன்.

பாடம் தொடங்கியது தாத்தாவின் குரலில். இரவுச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து தாத்தா தேசிங்கு ராஜன் கதை பாடுவார். ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்து நின்று 1714-ல் போர்க்களத்தில் மாண்ட இளம் ராஜாவின் கதை. செஞ்சிப் பிள்ளைகளுக்கு அது வரலாற்றுப் புத்தகத்துக்கு முன்பே காதில் விழுந்த கதை. ராஜாவின் குதிரையையும், கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போருக்கு வந்த நண்பன் மோவுத்துக்காரனையும் தாத்தா பாடும்போது தெருவே வந்து உட்கார்ந்திருக்கும். அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய வருஷம் மாமா சொன்னார்: "மாப்ள, தாத்தா பாட்ட புடிச்சு வெச்சுக்கணும்டா. நாம ரெண்டு பேரும் சேந்து எடுப்போம்."

டேப் ரிக்கார்டரிலேயே உள்ள மைக்கில் பதிந்தால் மோட்டார் சுற்றும் ஓசையும் சேர்ந்து ஏறிவிடும். அதனால் தனி மைக்கைச் செருகினார். தாத்தாவின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தார். நேராக இருந்தால் 'ப' என்று அழுத்திச் சொல்லும்போதெல்லாம் காற்று மைக்கில் மோதி 'டப்' என்று கேட்கும். சுவரிலிருந்து குரல் திரும்பி வராமலிருக்கத் தாத்தாவுக்குப் பின்னால் கம்பளிப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டார். எக்கோவைப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம், பதிவோடு ஒட்டிவிட்ட எக்கோவைப் பிரித்தெடுக்க முடியாது என்று அன்று சொன்னார்.

பதிந்ததைக் கேட்டபோதுதான் எங்கள் வீட்டுக்குள் எத்தனை ஓசைகள் குடியிருந்தன என்பது தெரிந்தது. திருவண்ணாமலை ரோட்டில் போகும் பஸ்ஸின் ஹாரன், ஆயா அடுப்படியில் பாத்திரம் உருட்டுவது, தாத்தாவின் இருமல். இருமலை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். மாமா கேசட்டைத் திறந்து நாடாவைக் காட்டினார். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். அரை நொடி இருமலை நீக்க இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வெட்டினால் போதும். பிளேடைச் சாய்வாக வைத்து வெட்டி ஒட்டினால், சேரும் இடத்தில் 'டிக்' என்ற சத்தம் வராது. ஆனால் நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் ஒரு பாதியில் ஏ பக்கமும் மறுபாதியில் பி பக்கமும் இருக்கின்றன. இந்தப் பக்கத்து இருமலை வெட்டினால் அந்தப் பக்கத்துப் பாட்டிலும் அதே அளவு போய்விடும். மாமா அந்த நாடாவில் பிளேடு வைக்கவில்லை. மூடி, கேசட்டின் மேல் விளிம்பில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிட்டார். அதற்குப் பிறகு தெரியாமல் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. "அசல்ல கை வெக்கக் கூடாது மாப்ள. வேல எல்லாம் காப்பில."

காப்பியில் வேலை செய்ய இரண்டு கேசட் போடும் டெக் இருந்தது. ஒன்றில் அசல் ஓடும், மற்றதில் பதிவாகும். இருமல் வருவதற்கு முன் பாஸ் பட்டனை அழுத்தி, இருமல் தாண்டியதும் விடவேண்டும். இதில் கையைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். தாத்தா ஓரடி முடித்து அடுத்த அடிக்கு மூச்சு இழுப்பார். அந்த மூச்சுக்கு முன்னால் நிறுத்தி, அடுத்த மூச்சுக்கு முன்னால் சேர்த்தால் வெட்டியதே தெரியாது. மூச்சைத் தின்றுவிட்டால் பாட்டு தடுக்கும். பாட்டை மூச்சு மூச்சாகக் கேட்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது. காப்பிக்குக் காப்பி எடுக்க எடுக்க 'ஸ்ஸ்' என்ற நாடா இரைச்சலும் கூடிக்கொண்டே போகும் என்பதையும் காதே சொல்லிக்கொடுத்தது.

அடுத்த பாடம் எக்கோ. கடையில் இருந்த எக்கோ செட்டில் இரண்டு திருகு முக்கியம். ஒன்று, குரல் எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பி வரவேண்டும் என்பது. மற்றது, எத்தனை முறை திரும்பவேண்டும் என்பது. அதை எனக்குப் புரியவைக்க மாமா செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்துக்குக் கூட்டிப்போனார். கோட்டைச் சுவருக்கு எதிரே நின்று கைதட்டச் சொன்னார். பக்கத்தில் நின்று தட்டினால் ஓசை தடித்துக் கேட்டது, இரண்டாகப் பிரியவில்லை. பின்னால் நகர்ந்துகொண்டே போனால், ஓரிடத்தில் தட்டியது வேறாகவும் திரும்பியது வேறாகவும் பிரிந்தன. எதிரொலி தனியாகக் கேட்க 17.2 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்று பள்ளிப் பாடத்தில் பின்னால் படித்தபோது, அந்த இடம் எனக்கு முன்பே காலால் தெரிந்திருந்தது. எங்கள் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் ஓடும். சுவர் 35 மீட்டர் தள்ளி இருந்தால், போய்த் திரும்ப 70 மீட்டர், ஐந்தில் ஒரு நொடி. எக்கோ செட்டின் முதல் திருகு தூரம், இரண்டாவது திருகு சுவரின் கெட்டித்தனம் என்று மாமா சொல்லிவைத்தார்.

கோட்டைக்குள் கல்யாண மகாலுக்கு அருகில் பழைய நெற்களஞ்சியம் இருக்கிறது. தடித்த சுவர், வளைவுக் கூரை, உள்ளே வெளிச்சம் குறைவு. அங்கே கைதட்டினால் எதிரொலி தனித்தனியாக வராது. ஆயிரம் சின்னத் திரும்பல்கள் ஒன்றோடொன்று கலந்து கூரையிலேயே கொஞ்ச நேரம் நின்று மெல்லத் தேயும். ஸ்டுடியோக்காரர்கள் ரிவெர்ப் என்று சொல்வது இதைத்தான். லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் இதற்கென்றே வெறும் அறை கட்டி, அதற்குள் ஸ்பீக்கரும் மைக்கும் வைத்துப் பாட்டை ஒலிக்கவிட்டுத் திரும்பப் பதிவார்கள் என்று எங்கேயோ படித்திருந்த மாமாவுக்கு, நம் ஊரிலேயே அப்படி அறை கட்டிவைத்திருக்கிறார்களே என்று தோன்றியிருக்கிறது. காவல்காரரிடம் சொல்லிவிட்டு இரண்டு டேப் ரிக்கார்டர்களைத் தூக்கிக்கொண்டு போனோம். இரண்டிலும் புது பேட்டரி. பேட்டரி சோர்ந்தால் நாடா மெதுவாக ஓடும், அப்படிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறிவிடும். ஆறு சதவீத வேக மாற்றம் ஏறக்குறைய அரைச் சுரத்தையே மாற்றிவிடும்.

ஒரு ரிக்கார்டரில் தாத்தாவின் கேசட்டை ஓடவிட்டு, மற்றதில் மைக்கைச் செருகி என் கையில் கொடுத்தார். ஸ்பீக்கருக்கு அருகில் பிடித்தால் தாத்தா திண்ணையில் பாடியது அப்படியே வந்தது. நாலைந்து அடி தள்ளினால் குரலுக்குப் பின்னால் கூரையும் சேர்ந்து பாடியது. கோடிக்குப் போனால் சொற்கள் கரைந்து ராகம் மட்டும் மிஞ்சியது. சொல்லும் கெடாமல் கூரையும் விலகாமல் இருந்த நடு இடத்தில் நின்று பதிந்தோம். அந்தப் பதிவைக் கேட்ட தாத்தா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தேசிங்கு கோட்டையிலயே போய் பாடிட்டு வந்துட்டேன்" என்றார். கதை நடந்த இடமே கதைக்கு எஃபெக்ட் ஆகிவிட்ட அந்தப் பதிவைப்போல் இன்னொன்றை என்னால் இன்றுவரை செய்ய முடிந்ததில்லை.

செஞ்சியை அடுத்த மேலச்சேரிக்குக் கூத்துப் பதியப் போனதும் அந்தப் பருவத்தில்தான். திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கு மேலச்சேரிக் கோயிலே மூலம் என்று எங்கள் பக்கத்து மக்கள் சொல்வதை ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபீடல் 1988-ல் வெளிவந்த நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்த நூலின் துணைத்தலைப்பிலேயே செஞ்சியின் பெயர் இருக்கிறது. விடிய விடிய நடக்கும் ஆட்டத்தில் முகவீணை மற்ற எல்லாவற்றையும் மீறிக்கொண்டு ஏறும். அதற்காக மாமா மைக்கை மிருதங்கமும் டோலக்கும் இருக்கும் பக்கமாக நகர்த்துவார். ஆனால் கட்டியங்காரன் பேச்சுக்கு ஜனங்கள் சிரிப்பதையும், தூங்கி விழித்த குழந்தை அழுவதையும் குறைக்கவே மாட்டார். சபையின் ஓசை இல்லாவிட்டால் அது கூத்து இல்லை என்பார்.

சில வருஷம் கழித்துச் செஞ்சிக்குக் கம்ப்யூட்டர் சென்டர் வந்தது. அங்கே பாடம் எடுத்த அக்கா ஒருவர் ஆடாசிட்டி என்ற மென்பொருளைக் காட்டினார். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டானென்பர்க் இருவரும் தொடங்கி, 2000-ல் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டது. டேப் ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் லைன்-இன் துளைக்கு ஒயர் கொடுத்துத் தாத்தா கேசட்டை ஓடவிட்டோம். திரையில் குரல் அலை அலையாக வரையப்பட்டு நகர்ந்தது. நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதும் என்று அக்கா சொன்னார். அறுபது நிமிஷக் கேசட், ஸ்டீரியோவில் ஏறத்தாழ 630 எம்பி, ஒரு சிடியில் அடங்கிவிட்டது. பாஸ் பட்டனில் காதால் தேடிய மூச்சு இங்கே கண்ணுக்கே தெரிந்தது. எக்கோ பெட்டியில் நேரம் கேட்டபோது 0.2 என்று போட்டேன். ராஜகிரிச் சுவர்க் கணக்கு.

இரைச்சல் நீக்கும் பாடத்தை அக்கா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பாட்டு தொடங்குமுன் நாடா மட்டும் ஓடும் ஓரிரு நொடியைத் தேர்ந்தெடுத்து, 'இதுதான் இரைச்சல்' என்று கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டவேண்டும். பிறகு முழுப் பாட்டிலும் அதைக் கழிக்கச் சொல்லவேண்டும். கரண்ட்டிலிருந்து வரும் 'உம்ம்' ஓசை 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் இருக்கும், அதைத் தனியாக வடிகட்டலாம். கொஞ்சம், நடுத்தரம், முழுமை என்று மூன்று அளவில் கழித்து மாமாவுக்குப் போட்டுக்காட்டினார். மூன்றாவதில் இரைச்சல் சுத்தமாக இல்லை. மாமா தலையை ஆட்டினார். "வேணாம்மா, அப்பா தண்ணிக்குள்ள இருந்து பாடற மாரி இருக்கு." இரைச்சலோடு சேர்ந்து தாத்தா மூச்சின் கரகரப்பும் 'ச', 'ஸ' எழுத்துகளின் கூர்மையும் போயிருந்தன. முதல் அளவையே வைத்துக்கொண்டோம். இருமலை ஒரே சொடுக்கில் நீக்க முடிந்த அந்தக் காலத்தில், நாங்கள் இருமலைத் திரும்பவும் சேர்த்தோம். தாத்தா அப்போது இல்லை.

எங்கெல்லாமோ ஸ்டுடியோக்களில் உட்கார்ந்து எவ்வளவோ எஃபெக்ட்டுகளை இன்று கையாள்கிறேன். பாட்டில் எதைத் தொடாமல் விடவேண்டும் என்று கேட்டுப் பழகுவதுதான் எடிட்டிங்கில் முதல் பாடம் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. மாமாவிடமும் அந்த அக்காவிடமும் நான் கற்றது அதைத்தான்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கோட்டையைப் பாதுகாக்க ஆள் இருக்கிறார்கள். கோட்டையைப் பற்றிப் பாடிய குரல்கள் நம் வீட்டுப் பரண்களில் பழைய கேசட்டுகளாகக் கிடக்கின்றன. ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் போவதற்குள் அவற்றை எடுங்கள். தாத்தா பாட்டாக இருக்கலாம், ஆயாவின் ஒப்பாரியாக இருக்கலாம், ஊர்க் கூத்தாக இருக்கலாம். ஓடும் டேப் ரிக்கார்டர் ஒன்றைத் தேடிப்பிடித்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். வந்ததை வந்தபடியே, சுருக்காத 'வேவ்' கோப்பாக இரண்டு மூன்று இடங்களில் வைத்துவிடுங்கள். பிறகு வீட்டுப் பிள்ளைகளிடம் காப்பியைக் கொடுத்து, வெட்டவும் எக்கோ சேர்க்கவும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.