இடுப்பிலிருந்து இறக்குங்கள்

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓசைக்கு நடுவே அமைந்தது நமது இல்லம். அங்கே நம் மகள்வழிப் பேரன் மூன்று வயதுவரை தரையில் காலூன்றியதில்லை. பிறந்தவுடன் அவன் அழவில்லை. தலை நிற்கவே ஓராண்டு கடந்தது. தூக்கி நிறுத்தினால் கால்கள் கத்தரிக்கோலைப்போல் பின்னிக்கொண்டன. பெருநாளன்றும் அவனை உள்ளறையிலேயே வைத்திருந்தோம். வந்தவர்களிடம், "அடுத்த பெருநாளைக்கு நடந்துவிடுவான்" என்றோம். ஓர் இடுப்பிலிருந்து மற்றோர் இடுப்புக்கு மாறியே அவன் வளர்ந்தான். அதையே அன்பென்று எண்ணியிருந்தோம்.

அவனுக்கு வந்தது மூளை முடக்குவாதம். வளரும் மூளையில், பிறப்பதற்கு முன்போ பிறக்கும்போதோ பின்போ ஏற்படும் சேதத்தால் உடலின் அசைவு கெடுகிறது. அச்சேதம் மேலும் பரவுவதில்லை. ஆனால், பயிற்சியின்றி விட்டால் தசைகள் இறுகிக்கொண்டே போகும்.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 657 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துப் பீட்டர் ரோசன்பாமும் அவர்தம் குழுவினரும் 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இக்குழந்தைகள் தாம் அடையக்கூடிய அசைவுத் திறனில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை ஐந்து வயதுக்குள்ளேயே அடைந்துவிடுகின்றனர். பாதிப்பு மிகுந்தவர்கள் அதற்கும் முன்பே அடைகின்றனர். இதை அறிந்தபோது நமது நெஞ்சு கனத்தது. நாம் காத்திருந்த ஆண்டுகளல்லவா அவை!

நம்மூருக்குத் தென்மேற்கே, தென்காசியை அடுத்துள்ளது ஆய்க்குடி. 1975-ல் கடற்படைத் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981-ல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அதன் பணியாளர்கள் சிற்றூர்களுக்கே சென்று, பெற்றோரின் கைகளுக்குப் பயிற்சி முறைகளைக் கற்றுத் தருகின்றனர். அப்பணி குறித்த ஆய்வுக் கட்டுரை 2020-ல் வெளிவந்தது. வாரத்தில் ஒரு மணி நேரம் வருபவரைவிட, நாள் முழுதும் உடனிருக்கும் தாயே பெரிய பயிற்சியாளர் என்பது அங்குள்ள பாடம்.

நமது வீட்டுக்கு வந்த பயிற்சியாளர் முதலில் கேட்டது, "பையனுக்கு எதன்மேல் ஆசை?" என்பதே. "நன்னாவின் தொப்பிமேல்" என்றாள் மகள். தொப்பியைத் தாழ்ந்த முக்காலியின்மேல் வைக்கச் சொன்னார். பேரன் தவழ்ந்து போனான், விழுந்தான், அழுதான். தூக்க ஓடிய நம்மை அவர் தடுத்தார். பிறர் கைகால்களை நீவிவிடுவது மட்டும் போதாது; விரும்பிய ஒன்றைக் குழந்தை தானே திரும்பத் திரும்ப முயல்வதுதான் பலன் தரும் என்றார். பிற்கால ஆய்வுகள் சொல்வதும் அதுவே. பதினேழாம் நாள் முக்காலியைப் பிடித்து எழுந்து, தொப்பியை எடுத்தான்.

இன்று அவனுக்கு எட்டு வயது. தனித்து நடப்பதில்லை, நடைச்சட்டத்தைப் பிடித்தபடி வாசல்வரை வந்து, வருவோருக்கு ஸலாம் சொல்கிறான். அல்ஹம்துலில்லாஹ்! இழந்த மூன்றாண்டுகள் மட்டும் திரும்பி வரா.

அன்புடையீர்! நான்கு மாதமாகியும் குழந்தைக்குத் தலை நிற்கவில்லையா? ஒன்பது மாதமாகியும் உட்காரவில்லையா? அடுத்த பெருநாள்வரை காத்திராதீர்கள். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தையை உள்ளறையிலிருந்து வெளியே கொணருங்கள். இடுப்பிலிருந்து இறக்கி விடுங்கள்.